பந்துக்காப்பாளர் இடத்தில் ஒரு கோடு

நான் கண்டதையும், கையில் வாங்கிப் படித்ததையும், இருவரேனும் ஒத்துச் சொன்னதையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன். உறுதியாகத் தெரியாத ஒன்றைக் குறித்து ஒருமுறை நான் தாளில் ஒரு சிறு கோடு இட்டேன். அந்தக் கோடு கடல் கடந்த ஒரு வீட்டில் என்ன செய்தது என்பதையும் பின்னர் அறிந்தேன். ஆகவே இதில் பெயர்கள் இல்லை. கடிதங்களில் இல்லாத நாள்களும் இல்லை.

நான் புதுச்சேரிக்காரன். எண்பதுகளின் நடுவில் பாரிசில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். புதுச்சேரியில் வாழ்ந்த ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் அனுப்பும் ‘செர்த்திஃபிக்கா த வீ’, அதாவது உயிருடன் இருப்பதற்கான சான்று, என் மேசைக்கு வரும். கையொப்பத்தைச் சென்ற ஆண்டின் கையொப்பத்தோடு ஒப்பிட்டு, இன்னார் இருக்கிறார் என்று குறிப்பேன். சான்று வராவிட்டால் இருக்கிறார் என்று எழுத எனக்கு உரிமையில்லை. இறந்தார் என்று எழுதவும் உரிமையில்லை. படிவத்தில் வெற்றிடம் கிடந்தால் பிறர் எதையாவது எழுதிவிடக் கூடும் என்பதால், அந்த இடத்தைக் கோடிட்டு அடைப்போம். பல ஆண்டுகளில் அது என் கைப்பழக்கமாகிவிட்டிருந்தது.

ஞாயிறு பிற்பகல்களில் பாரிசின் லா சப்பல் பகுதிக்குப் போவேன். அங்கே ஒரு மளிகைக் கடையின் பின்னறையில் யாழ்ப்பாணத்து இளைஞர்கள் பதினான்கு பேர் தேநீருக்குக் கூடுவார்கள். வெளியே பாலத்தின் மேல் மெட்ரோ செல்லும்போதெல்லாம் மேசையிலிருந்த கண்ணாடிக் குவளைகள் மெல்ல நடுங்கும். அவர்களுடைய புகலிட விண்ணப்பங்களுக்குப் பிரெஞ்சில் கடிதம் எழுதிக் கொடுக்கப் போன நான், அவர்களுடைய கால்பந்துத் தெரிவுக்கு நடுவனானேன். அவர்கள் வெவ்வேறு ஊர்க் கழகங்களைச் சேர்ந்தவர்கள். அந்த அறையில் எந்த ஊரையும் சேராதவன் நான் ஒருவனே.

ஆண்டுக்கு ஒருமுறை எல்லாக் கழகங்களிலிருந்தும் சிறந்த பதினொருவரைத் தெரிந்தெடுத்து, வெளியூர் அணியொன்றோடு ஆடவிடுவது அவர்கள் நாட்டு வழக்கம். போரால் அந்த ஆட்டம் நின்றுவிட்டது. தெரிவு மட்டும் நிற்கவில்லை. ஊரில் எஞ்சியிருந்த ஆட்டக்காரர்களிலிருந்து பாரிசில் இருந்தவர்கள் பதினொருவரைத் தெரிந்தெடுத்தார்கள். ஒவ்வொருவரும் தம் கணிப்பைத் துண்டுத் தாளில் எழுதி, ஒரு பிஸ்கட் தகரப்பெட்டியில் போடுவார். நான் வாக்குகளை எண்ணி இறுதிப் பட்டியலை எழுதுவேன். அதை மிக நெருங்கிக் கணித்தவருக்கு மற்றவர்கள் ஆட்டிறைச்சி ரோல் வாங்கித் தரவேண்டும். பிறகு அனைவரும் பட்டியலைப் படியெடுத்து வீட்டுக் கடிதங்களில் வைத்து அனுப்புவார்கள். அங்கே அது வாசகசாலைகளின் சுவரில் ஒட்டப்படும். எவரும் களத்தில் இறங்கப்போகாத ஓர் ஆட்டத்துக்கான அணி அது.

முதல் ஆண்டுப் பட்டியலில் இருந்த ஒருவர், நாங்கள் அவரைத் தெரிந்தெடுத்த நாளில் உயிருடன் இல்லை என்பது பின்னர் தெரியவந்தது. ஆகவே மறு ஆண்டு ஒரு விதி செய்தேன்: கடந்த மூன்று மாதங்களுக்குள் எழுதப்பட்ட ஏதேனும் ஒரு கடிதத்தில் அந்த ஆட்டக்காரரைக் கண்டதாகச் செய்தி இருக்கவேண்டும்.

“ஐயா எங்களிட்டையும் செர்த்திஃபிக்கா கேக்கப் போறார்,” என்றார் ஒருவர், பக்கத்திலிருந்தவரை இடித்து. “அண்ணை, நீங்கள் உயிரோடைதானே? ஒருக்காக் கையெழுத்துப் போட்டுக் காட்டுங்கோ.”

“திங்கக்கிழமை விடிய வந்து கேள். அப்ப எனக்கே சந்தேகமாத்தான் இருக்கும்,” என்றார் இடிபட்டவர்.

சிரிப்பில் கலந்துகொள்ளாதவர் ஒருவர் இருந்தார். கார் து நோர் ரயில் நிலையத்தருகே ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுபவர். அவருடைய தம்பிதான் யாழ்ப்பாணக் குடாநாட்டின் மிகச் சிறந்த பந்துக்காப்பாளர், அதாவது கோல்கீப்பர், என்பதில் அறையில் இரண்டாம் கருத்து இல்லை. அந்தத் தம்பி, கொழும்புக்குப் போவதாகத் தாயிடம் சொல்லிப் புறப்பட்டு ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. அதன்பின் வீட்டுக்கும் கடிதமில்லை, பாரிசுக்கும் இல்லை.

அன்று பெட்டியைத் திறந்து எண்ணினேன். பதினைந்து சீட்டுகள் இருந்தன.

மீண்டும் எண்ணினேன். அவரவர் சீட்டை அவரவரை அடையாளம் காட்டச் சொன்னேன். பதினான்கு பேரும் தத்தம் சீட்டை எடுத்துக்கொண்டார்கள். மேசைமேல் ஒன்று கிடந்தது. மற்றவை இரண்டாக மடிக்கப்பட்டிருந்தன; இது வைக்கோல் தண்டுபோல் மிக மெல்லியதாகச் சுருட்டப்பட்டிருந்தது. விரித்தேன். பத்துப் பெயர்கள் இருந்தன. வலப்புறத்திலன்றி வேறெங்கும் ஆடியறியாத ஒருவரின் பெயர் இடது ஓரத்தில் எழுதப்பட்டிருந்தது. பந்துக்காப்பாளரின் இடம் வெறுமையாக இருந்தது.

“ஆர் இந்த விசர் வேலை பாத்தது?” என்று கேட்டார் கடைக்காரர். கடைக்காரர் சீட்டு எழுதுவதில்லை. கதவு என் எதிரிலேயே இருந்தது. நான் வந்தபின் வேறெவரும் உள்ளே வரவில்லை. இவை மூன்றையும் உறுதியாகச் சொல்வேன்.

பந்துக்காப்பாளரின் அண்ணன் அந்தச் சீட்டை வாங்கி நெடுநேரம் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

சொந்தச் சகோதரனுக்கு வாக்களிப்பதில்லை என்பது அவர்களுடைய வழக்கம். அண்ணனைத் தவிர மற்றப் பதின்மூவரும் தம்பியின் பெயரையே எழுதியிருந்தார்கள். ஆனால் விதி குறுக்கே நின்றது.

“மூணு மாசத்துக்குள்ள அவரைப் பார்த்ததா யாராவது எழுதின கடுதாசி ஒண்ணு காட்டுங்க. உடனே போட்டுடறேன்,” என்றேன் அண்ணனிடம்.

“கடிதம் வராட்டி ஆள் இல்லையெண்டு ஆகுமோ, ஐயா?”

“அப்படிச் சொல்லலியே. தெரியலைன்னுதான் சொல்றேன்.”

“அம்மா வாசகசாலைக்கு ஆள் அனுப்பிக் கேப்பா. அவன்ர பேர் அதில இருக்கோணும். வேற ஒண்டும் நான் கேக்கேல்லை. போடுங்கோ ஐயா.”

நான் போடவில்லை. அடுத்தபடி வாக்குப் பெற்றவரை அவ்விடத்தில் எழுத மற்றவர்கள் ஒப்பவில்லை. இடம் வெறுமையாக நின்றது. பத்துப் பெயர்களையும் எழுதி முடித்தபின், அலுவலகத்தில் செய்வதுபோலவே, அந்த வெற்றிடத்தின் குறுக்கே ஒரு கோடிட்டேன். பதினான்கு பேரும் அந்தக் கோட்டையும் பிசகாமல் படியெடுத்தார்கள்.

ஏழு வாரங்களுக்குப் பின் அண்ணன் தம் சகோதரியின் கடிதத்தைக் கொண்டுவந்து என்முன் வைத்தார். ஊர்ச் செய்திகள் ஊருக்கு முன்பே பாரிசுக்கும் இலண்டனுக்கும் எட்டிவிடும் காலம் அது. பாரிசில் இருப்பவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று அங்கே நம்பினார்கள். பந்துக்காப்பாளர் இடத்தில் இருந்த கோட்டைப் பார்த்தவர்கள், அங்கே ஒரு பெயர் இருந்து பின்னர் அடிக்கப்பட்டதாகப் புரிந்துகொண்டார்கள். ஒரே ஊரில் நான்கு வீடுகளுக்கு வந்த நான்கு படிகளிலும் அதே கோடு. தாய் மகனுடைய படத்துக்கு மாலை போட்டுவிட்டார்.

“நீங்கள் ஒரு கோடுதான் கீறினனீங்கள், ஐயா,” என்றார் அண்ணன். அவர் குரலில் கோபம் இல்லை. அதனாலேயே என்னால் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

தாய்க்கு எழுத உட்கார்ந்தோம். ஆனால் எதை எழுதுவது? ‘இறந்தார் என்று எங்களுக்குத் தெரியாது’ என்று எழுதினால், ‘இருக்கிறார் என்றும் தெரியாது’ என்பதும் அதற்குள்ளேயே இருந்தது. மூன்று தாள்களைக் கிழித்தோம்.

அடுத்த வாரம் அண்ணனுக்கு மற்றொரு கடிதம் வந்தது. சென்னையில் அஞ்சலிடப்பட்டது. யாரோ கடல் கடந்து எடுத்துவந்து அங்கே உறையிலிட்டிருக்கவேண்டும். உறையின்மேல் இருந்த கையெழுத்து வேறு. உள்ளே ஒரே தாள். மேசையில் வைத்தபோது அது படியாமல் இருபுறமும் சுருண்டு எழுந்தது. நெடுங்காலம் மெல்லியதாகச் சுருட்டி வைக்கப்பட்ட தாள்.

அண்ணன் உரக்கப் படித்தார். நான் பிறகு என் கண்ணாலும் படித்தேன். “அண்ணை, நீங்கள் கேட்டபடி என்ர பதினொண்டை எழுதியிருக்கிறன். வலது பக்கக்காரனை இடது பக்கம் போட்டிருக்கு எண்டு சிரிக்காதேங்கோ. காலில அடிபட்ட பிறகு அவன் இப்ப இடதிலதான் ஆடுறான். கோலியின்ர இடத்தை விட்டிருக்கிறன். என்ர பேரை நானே எழுதினால் வடிவில்லை. அதை நீங்கள் எழுதுங்கோ.”

கீழே பத்துப் பெயர்கள். பதினைந்தாம் சீட்டை என் பையிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதே பத்துப் பெயர்கள், அதே வரிசையில். மெட்ரோ கடந்து சென்றது. குவளைகள் நடுங்கி ஓய்ந்தன.

கணிப்பை எழுதியனுப்பச் சொல்லித் தம்பிக்குத் தாம் எழுதியது உண்மை என்றார் அண்ணன். அது தம்பி வீட்டைவிட்டுப் புறப்படுவதற்கு முன்பு. கடிதத்தில் நாள் இல்லை. அஞ்சல் முத்திரை, அது எப்போது அனுப்பப்பட்டது என்பதைக் காட்டியதேயன்றி, எப்போது எழுதப்பட்டது என்பதைக் காட்டவில்லை. என் விதிப்படி அது சான்றாகாது.

புதிய தாளை எடுத்தேன். பத்துப் பெயர்களையும் மீண்டும் எழுதினேன். பந்துக்காப்பாளர் இடத்தில், கேட்டுக்கொள்ளப்பட்டபடி, அவருடைய பெயரை எழுதினேன். விதி செய்தபின் சான்று இல்லாமல் நான் எழுதிய பெயர் அது ஒன்றே. பதினான்கு பேரும் படியெடுத்து அன்றே அஞ்சலில் சேர்த்தார்கள்.

சகோதரியின் மறுகடிதம் வந்தது. புதிய பட்டியல் வாசகசாலையில் ஒட்டப்பட்டதாம். “அம்மா மாலையைக் கழட்டிப்போட்டா,” என்று எழுதியிருந்தார். மாலை அதற்குள் முற்றாகக் காய்ந்திருந்தது என்றும் எழுதியிருந்தார்.

மறு ஆண்டுத் தெரிவில் பெட்டிக்குள் பதினான்கு சீட்டுகளே இருந்தன. நான் மூன்று முறை எண்ணினேன். அவருடைய பெயரை அம்முறை நான் சொல்லாமலே எல்லாரும் ஏற்றார்கள். விதியைப் பற்றி எவரும் கேட்கவில்லை, நானும் பேசவில்லை.

சீட்டு இன்றும் என்னிடம் இருக்கிறது. கடிதம் அண்ணனிடம் இருந்தது. இரண்டும் ஒரே கை என்றார் அவர். கையொப்பங்களை ஒப்பிடுவதையே தொழிலாகக் கொண்டிருந்த நான், ஒரே கை என்றும் சொல்லவில்லை, அல்ல என்றும் சொல்லவில்லை. பதினைந்தாம் சீட்டைப் பெட்டியில் இட்டவர் யார் என்பது தெரியாது. கடிதம் எழுதப்பட்ட நாள் தெரியாது. அவருடைய பெயரை நான் பட்டியலில் எழுதிய நாளில் அவர் உயிருடன் இருந்தாரா என்பதும் எனக்குத் தெரியாது.