கோடு தெரியாத குழாய்

ரத்த ஆராய்ச்சியில் மைக்ராஸ்கோப் பார்ப்பது சுலபம், ரத்தம் கேட்பதுதான் கஷ்டம். ஊசியோடு வீடு வீடாக ஏறி இறங்கிய சகாக்களே, உங்களுக்குத் தெரியாததா?

பாராடாங்கில் ஊசி

ஜீப் டிரைவராகச் சேர்ந்து, டாக்டரம்மா கழித்துப் போட்ட ஸ்லைடுகளைப் பார்த்தே சிவப்பணு படித்தவன் நான். அந்தமானின் பாராடாங் தீவில், பரம்பரையாக வரும் ரத்தக் குறையான தலசீமியா சோதனைக்குப் போனோம். அதைச் சுமப்பவருக்குத் தொந்தரவு இல்லை. கணவன் மனைவி இருவரும் சுமந்தால் பிள்ளைக்கு நோய் வரலாம். கான்ட்ராக்டர் முருகேசன் மகள் மீனாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண்ணையும் மாப்பிள்ளையையும் உட்கார வைத்துவிட்டு, அவர் கண்ணை மூடிக்கொண்டார். “ரிசல்ட் வராம கார்டு அடிக்க மாட்டேன். சீக்கிரம் சொல்லுங்க சார், மெயின்லேண்ட் சொந்தக்காரங்களுக்குக் கப்பல் டிக்கெட் கெடைக்கணும்ல?”

உப்புத் தண்ணீர்

உப்புத் தண்ணீரில் ரத்தம் விட்டு, குழாய்க்குப் பின்னால் கறுப்புக் கோடு வைப்போம். நல்ல ரத்தமானால் கோடு தெரியும். தலசீமியா ரத்தம் கலங்கி நிற்கும். நல்ல ரத்தம் ஒன்றையும் கூடவே சோதிக்க வேண்டும், அது சரியாக வந்தால்தான் மற்றதை நம்பலாம். அத்தனை வருஷமும் அது என் மனைவி கோமதியின் ரத்தம். “கறிக்கு உப்பு பாக்கக் கூப்பிட மாட்டீங்க, இதுக்கு மட்டும் நானா?” என்று விரலை நீட்டுவாள்.

அவள் இறந்துபோன பிறகு அதுதான் முதல் சோதனை. என் விரலையே குத்திக்கொண்டேன். கோடு தெரியவில்லை. உப்பு அளவு தப்பென்று கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைத்தேன். மூன்று நாள் கரைத்தேன், கொட்டினேன். முருகேசன் மூன்று நாளும் போன் செய்தார். நாலாம் நாள் டாக்டரம்மா தன் ரத்தத்தை விட்டார். கோடு பளிச்சென்று தெரிந்தது. “செல்வராஜ், பானி டீக் ஹை, தண்ணி சரியாத்தான் இருக்கு. கோளாறு நீங்கதான்!”

சம்பந்தியம்மாள்

பெரிய மெஷினும் அதையே சொன்னது, நானும் தலசீமியா சுமப்பவன்தான். மீனாவும் என்னைப் போலத்தான், மாப்பிள்ளைக்கு எதுவுமில்லை. அவளைத் தனியாக அழைத்துச் சொன்னேன். அவளோ நேராகப் போய் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். மாப்பிள்ளையின் அம்மா முகம் கறுத்துவிட்டது. ஒருவர் மட்டும் சுமந்தால் பயமில்லை என்று படம் போட்டு விளக்கினேன். அந்த அம்மாள் படத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. முருகேசன் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வேறு வழியில்லாமல், “எனக்கும் இதேதாம்மா” என்றேன். அந்த அம்மாள் என்னை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார். வயசு கேட்டார். ஐம்பத்தொன்பது என்றேன். பிள்ளைகள்? இரண்டு, இரண்டும் நன்றாக இருக்கின்றன என்றேன். முருகேசன் பக்கம் திரும்பினார். “இந்த வயசுல இவ்ளோ பேசறாரே மனுஷன்! நீங்க கார்டை அடிங்க சம்பந்தி.”

எத்தனையோ நல்ல ரத்தம் பார்த்திருக்கிறேன், ஒரு கல்யாணத்தை முடித்துவைத்தது என்னுடைய கலங்கல் ரத்தம்தான்.