தொட்டிக்குள்ளிருந்து வந்த குரல்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஈரோட்டுக்காரன், கழிவுநீர் சுத்திகரிப்பு இன்ஜினியர். நீங்கள் நம்பாவிட்டாலும் நடந்ததைச் சொல்கிறேன்.

கல்கத்தாவை ஒட்டிய ஹவுராவில் பழைய காகிதத்தை அரைத்து அட்டை செய்கிற ஓர் ஆலை. அதன் கழிவுநீர் அழுகிய முட்டை மாதிரி நாறும். பக்கத்துச் சந்தில் யாரும் ஜன்னல் திறப்பதில்லை. நாற்றம் போகாவிட்டால் ஆலையை மூடிவிடுவார்கள் என்ற நிலையில்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

ஒரு நாள் மத்தியானம், மழை பிடித்துக்கொண்டு இருட்டிக் கிடந்தது. கழிவுநீர் வந்து சேருகிற மூடிய தொட்டிக்குள், நீரைச் சுழற்றிவிடுகிற கலக்கி இயந்திரம் நின்றுபோயிருந்தது. காகிதக்கூழ் சுற்றியிருக்கும் என்று நினைத்தேன். ஆபரேட்டர் தபன்தா விஷவாயுவைக் காட்டும் மீட்டர் எடுக்க ஷெட்டுக்குப் போனார். நான் மூடியைத் திறந்து குனிந்தேன். குப்பென்று அடித்த நாற்றம் சட்டென்று நின்றுவிட்டது. துளி வாடை இல்லை. சரி, ஆபத்தில்லை என்று ஏணியில் கால் வைத்துவிட்டேன்.

"எறங்காத கண்ணு."

வயதான பெண் குரல், அதுவும் எங்கள் ஊர்ப் பேச்சு. அந்த ஆலையில் என்னைத் தவிர யாருக்கும் தமிழ் தெரியாது. மேலே ஏறி, தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

தபன்தா மழையில் ஓடி வந்தார். மீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கினார். பாதி ஆழம்கூடப் போகவில்லை, அலறியது. அழுகிய முட்டை நாற்றம் தருகிற அந்த வாயு அதிகமானால் முதலில் மூக்கைத்தான் மரத்துப்போகச் செய்யும், அடுத்து ஆளையே சாய்த்துவிடும். படித்தது எல்லாம் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"யாரு அந்தம்மா?" என்று தபன்தா வங்காளத்தில் கேட்டார்.

"உங்களுக்கும் கேட்டுச்சா?"

"'நேமோ நா, பாபா'ன்னாங்க. என்னைத்தான் சொல்றாங்கன்னு நெனச்சேன்." வங்காளத்தில் அதற்கும் 'இறங்காதே கண்ணு' என்றுதான் அர்த்தம்.

பிறகு காற்றை உள்ளே செலுத்தி, தொட்டியைக் காலி செய்து பார்த்தோம். கூழைத் தவிர எதுவும் இல்லை. கலக்கியைச் சரிசெய்தோம், காற்று ஊதும் ப்ளோவர் வைத்தோம், நாற்றம் குறைந்தது. சந்தில் இப்போது ஜன்னல்கள் திறந்திருக்கின்றன.

அது என் அம்மாவின் குரல் இல்லை. தன் அம்மாவின் குரலும் இல்லை என்றார் தபன்தா. இன்னொன்றை அவரிடம்கூட நான் சொல்லவில்லை. அந்தக் குரல் என் முதுகுக்குப் பின்னாலிருந்து வரவில்லை. என் காலுக்குக் கீழே, தொட்டிக்குள், மிகவும் பக்கத்திலிருந்து வந்தது.