வாரிசுச் சான்று கேட்டவர்

இன்று பட்டா விஷயமாகத் தாலுகா ஆபீஸ் போயிருந்தேன்.

எனக்கு முன்னால் நன்னிலம் பக்கத்து அக்கா ஒருவர். நடவு வேலையை விட்டுவிட்டு, இறந்துபோன கணவருக்கு வாரிசுச் சான்று கேட்டு வந்திருந்தார்.

கிளார்க் மனுவைப் படித்துவிட்டுச் சொன்னார்: "அவருக்கு முதல் சம்சாரம் இருக்காங்களேம்மா. விவாகரத்தும் ஆகல. சட்டப்படி நீங்க மனைவி இல்லீங்க."

"அவங்க விட்டுட்டுப் போயி இருவது வருஷமாச்சுங்க. அதுக்கப்புறம் கோயில்ல தாலி கட்டிக்கிட்டு அவரு கூட இருந்தது நான்தாங்க."

"அதெல்லாம் சட்டத்துல செல்லாதும்மா."

அந்த அக்கா வெறும் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"பதினாறாம் நாள் ஊரே கூடி என் தாலிய அறுத்தாங்க. அப்ப ஒருத்தரும் இவ பொண்டாட்டி இல்லன்னு சொல்லலீங்களே."

கிளார்க் மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

மனைவியாகாமலே ஒருத்தி விதவையாக முடியுமா? சட்டம் படித்த நண்பர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.