பானைக்குள் திரும்பிய புகை

மகளின் அறைக்குள் ஊசியக்கா முதுகைக் காட்டிக்கொண்டுதான் நுழைவாள். கையில் தண்ணீர்ச் செம்பு இருந்தாலும் மடித்த துணி இருந்தாலும், வாசலில் ஒரு கணம் நின்று, திரும்பி, குதிகாலால் நிலைப்படியைத் தேடிப் பிடித்து, பின்பக்கமாகவே நடந்து போவாள். கட்டிலின் விளிம்பு காலில் தட்டியதும் உட்காருவாள். அதற்கப்புறம்தான் மெல்லத் தலையைத் திருப்புவது. முப்பத்தாறு வருஷப் பழக்கம். இரண்டு தடவை விழுந்திருக்கிறாள். ஒரு தடவை மணிக்கட்டு பிசகிக்கொண்டது. ஏன் இப்படி என்று கேட்ட பக்கத்து வீட்டுக்காரியிடம், "இடுப்புப் பிடிப்பு" என்று சொல்லிச் சமாளித்துவிட்டாள்.

அவள் தையற்காரி. சினிமாக்காரர்களுக்கு உடுப்புத் தைத்துக் கொடுத்தபோது ஒட்டிக்கொண்ட பெயர்தான் ஊசியக்கா. அந்தப் பேய்ப் படத்துக்கும் தைக்கத்தான் போனாள். வாடகைக்குப் பிடித்த ஒரு பழைய வீடு, ஒரே ஒரு கேமரா, ஏழெட்டுப் பேர். டைரக்டருக்கு அதுதான் முதல் படம். பேயாக வரவேண்டிய நடிகை படப்பிடிப்புக்கு நாலு நாள் இருக்கும்போது வேறு படத்துக்குப் போய்விட்டாள். நீள வெள்ளை உடுப்பு மட்டும் ஆணியில் தொங்கியது. தைக்கும்போது தன் மேலேயே வைத்து வைத்து அளவு பார்த்த உடுப்பு அது. ஊசியக்காவுக்கு அளவெடுத்ததுபோலப் பொருந்தியது.

"நீங்கதான்க்கா பேய்" என்றார் டைரக்டர்.

"ஐயோ, எனக்கு நடிக்கல்லாம் தெரியாது சார்."

"பேய்க்கு மட்டும் தெரியுமா? சும்மா நடங்க, போதும்."

கேமராமேன்தான் நடையைச் சொல்லிக் கொடுத்தார். "நேரா நடந்தா மனுஷி மாதிரி இருக்கும்க்கா. கேமராவுக்குக் கிட்ட நின்னு, அப்படியே பின்னாடி நடந்து அந்தக் கோடிக் கதவு வரைக்கும் போங்க. நான் பிலிமைத் திருப்பி ஓட்டிடுறேன். வர்ற மாதிரி இருக்கும், ஆனா யாரும் அப்படி வரமாட்டாங்க."

மூன்று நாள் தன் வீட்டு நடைவழியில் பழகினாள். ஆறு வயது மகளுக்கு அது விளையாட்டு. சுவரோரம் உட்கார்ந்து, அம்மாவின் ஒவ்வொரு அடிக்கும் "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணுவாள்.

படம் பிடிக்கிற அன்று தரையெல்லாம் வயர். வெறுங்காலில் பின்னால் நடக்கப் பயமாக இருந்தது, ரப்பர் செருப்பைக் கழற்றவே மாட்டேன் என்றாள். செருப்புப் போட்ட பேயை எப்படிக் காட்டுவது என்று எல்லோரும் தலையைச் சொறிந்தார்கள். ஊசியக்காவே வழி சொன்னாள்: "கால் தெரியாம கொஞ்சம் புகை போட்டா என்ன சார்?"

"அட, நல்ல யோசனையா இருக்கே!" ஒரு மண்பானையில் கரியைப் போட்டுப் புகை மூட்டி, சுவரோரம் வைத்தார்கள்.

கணவர் லாரியோடு போயிருந்தார், பிள்ளையை விட்டுவர ஆளில்லை. கேமராவுக்குப் பக்கத்தில் துணிப்பெட்டியின் மேல் அவளை உட்கார வைத்திருந்தாள். அம்மா சொல்லும்வரை எழுந்திருக்கக் கூடாது. "பாப்பாவைப் பாருங்க, கண்ணை எடுக்காதீங்க" என்றார் டைரக்டர். "யார் பேசினாலும் பரவாயில்ல, சத்தம் அப்புறம் சேர்க்கிறதுதான். நீங்க மட்டும் வாயைத் திறந்துடாதீங்க."

கேமரா ஓடியது. புகை கண்ணைக் கரித்தது. ஒரு சொட்டு கன்னத்தில் இறங்கியது. அவள் துடைக்காமல் பின்னால் ஓரடி வைத்தாள்.

"ஒண்ணு" என்றாள் மகள். ஏழெட்டு வரை எண்ணினாள். அதற்குள் புகை ஏறிவிட்டது. "அம்மா, எங்கே போறே?"

ஊசியக்கா பதில் சொல்லவில்லை. கதவுக்குப் பின்னால் போய் மறைந்தாள். உடுப்பில் குத்தியிருந்த ஊசிகளையெல்லாம் கழற்ற அரைமணி நேரம் ஆனது. புடவையை மாற்றிக்கொண்டு வேறு வாசல் வழியாக அவள் வந்தபோது மகள் பெட்டி மேல் அப்படியே உட்கார்ந்திருந்தாள், கோடிக் கதவையே பார்த்துக்கொண்டு.

படம் வெளியான நாள் பகல் காட்சிக்கு இருவரும் போனார்கள். நாலாவது வரிசை. பேய் வரும் இடம் வந்தது. திருப்பி ஓட்டினால் பேய் மட்டுமா திரும்பும்? கூடத்திலிருந்த புகையெல்லாம் சுருண்டு, வரிசை கட்டி, பானைக்குள் இறங்கியது. அந்த ஏழெட்டுப் பேரில் ஒருத்தருக்கும் அது தோன்றியிருக்கவில்லை.

"டேய், பானைக்குப் பசிடா!" என்று பின்வரிசையில் ஒருத்தன் கத்தினான். கொட்டகையே குலுங்கியது. விசில் பறந்தது. யாரும் பேயின் முகத்தைப் பார்க்கவில்லை. அது கிட்டே கிட்டே வந்து, திரை முழுக்க நின்றது. தாடையில் தோன்றிய ஒரு சொட்டு நீர் கன்னத்தில் மேலே ஊர்ந்து கண்ணுக்குள் போனது.

மகள் வீறிட்டாள்.

"அப்பாடா, ஒரு ஆளாவது பயந்துச்சு!" என்றது ஒரு குரல். சிரிப்பு இரண்டு பங்காயிற்று.

படம் நாலே நாளில் பெட்டிக்குள் போய்விட்டது. தெருவில் அவளுக்கு ரிவர்ஸ் அக்கா என்று பெயர் வந்தது. "ரவிக்கையையும் பின்னாடியிலிருந்துதான் தைப்பீங்களாக்கா?" என்று கேட்டார்கள். "உங்க வாயை முதல்ல தைக்கிறேன், வாங்க" என்பாள். புகை யோசனை தன்னுடையது என்பது மட்டும் உள்ளே முள்ளாகக் குத்தியது. ஆனால் அவளைத் தூங்கவிடாதது அதுவல்ல. அன்று வீடு திரும்பும்போது, கையைப் பிடிக்கவிடாமல் மகள் கேட்ட கேள்விதான்.

"போனது நீ. அங்கேருந்து வந்தது யாரு?"

நான்தான் என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தாள். முகத்தைக் காட்டிக் கிட்டே போனால் பிள்ளைக்குக் கை கால் வெட்டி இழுத்தது. ஒருநாள் தற்செயலாகப் பின்பக்கமாக நுழைந்தபோதுதான் அது அழாமல் இருந்தது. அன்றைக்குப் பிடித்த வழி. மகளுக்கு இருபது வயதில் காய்ச்சல் கண்டபோது பதற்றத்தில் மறந்து நேராக ஓடினாள். மகள் கத்தவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டாள். போர்வை மட்டும் நடுங்கியது. ஊசியக்கா அப்படியே திரும்பிக்கொண்டாள். இதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதே இல்லை.

சென்ற மாதம் நூலகத்துச் சினிமா வட்டத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். "உங்க படத்தைத் தேடிக் கண்டுபிடிச்சுட்டோம்மா. நீங்க கட்டாயம் வரணும்."

ஊசியக்கா மகளிடம் வாசலுக்கு வெளியே நின்றே கேட்டாள். "நீயும் வர்றியா? ஒரே ஒரு தடவை."

"வர்றேன்."

ஐம்பது அறுபது பேர், எல்லாம் இளசுகள். புகை பானைக்குள் போனபோது எழுந்து நின்று கைதட்டினார்கள். கேலி இல்லாத சிரிப்பு. மகள் தலையைக் குனிந்து தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

படம் முடிந்து, பேசச் சொல்லி ஒலிவாங்கியை நீட்டினார்கள். ஊசியக்கா திரையைக் காட்டினாள். "அந்தக் காட்சியை மட்டும் பின்னாடியிருந்து ஓட்ட முடியுமாம்மா?" என்று கேட்டாள்.

"இதோ" என்று நூலகத்துப் பெண் கணினியில் எதையோ அழுத்தினாள்.

புகை பானையிலிருந்து சாதாரணமாக எழுந்தது. ஒரு பெண் நின்றாள். கண்ணிலிருந்து ஒரு சொட்டு கீழே இறங்கியது. திரைக்கு வெளியே, தாழ்வாக இருந்த யாரையோ பார்த்தபடி, மனசில்லாமல் ஒவ்வோர் அடியாக விலகிப் போனாள். ஒருவரும் சிரிக்கவில்லை.

மகள் நிமிர்ந்திருந்தாள்.

"பெட்டி மேல உட்கார்ந்திருந்தேன்."

"ஆமா."

"கூப்பிட்டேன். நீ ஒண்ணுமே சொல்லல."

"வாயைத் திறக்கக் கூடாதுன்னுட்டாங்கடி."

திரையில் கதவு மூடியது. காட்சி அதோடு நின்றது. அதற்கப்புறம் அவள் திரும்பி வந்ததை யாரும் படம் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, விளக்கு வைக்கும் நேரத்தில், தண்ணீர்ச் செம்போடு மகளின் அறை வாசலில் நின்றாள். உடம்பு தானாகத் திரும்பியது. குதிகால் நிலைப்படியைத் தேடியது.

"முகத்தைக் காட்டி வாம்மா."

திரும்புவதற்கு அவளுக்குத்தான் பயமாக இருந்தது. திரும்பினாள். மகள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். விரல்கள் விரிப்பைக் கசக்கிப் பிடித்திருந்தன. கண்கள் திறந்திருந்தன.

இந்த வாசலில் முன்னால் எப்படி அடி வைப்பது என்று கால்களுக்கு மறந்திருந்தது. ஒன்றை எடுத்து வைத்தாள். செம்பு தளும்பியது.

"ஒண்ணு" என்றாள் மகள், வறண்ட குரலில்.

ஏழு என்றபோது கட்டில் முழங்காலில் தட்டியது. ஊசியக்காவின் கண் நிறைந்து, ஒரு சொட்டு இமையோரத்தில் தங்கி நின்றது. துடைத்துக்கொள்ளக் கை வரவில்லை. அது எந்தப் பக்கம் போகிறதென்று மகள் இமைக்காமல் பார்த்தாள்.

கீழேதான் போயிற்று.