பசைக்கு நிற்காத மாடு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேயும் கிடையாது, பிசாசும் கிடையாது. தேயிலைத் தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாக ஃபிட்டர் வேலை. ஒரு மெஷின் தானாக நின்றால் உள்ளே எங்கேயோ ஒரு போல்ட் கழன்றிருக்கும், அவ்வளவுதான் என் வேதாந்தம். பனிமூட்டத்தில் வெள்ளையாக ஏதாவது அசைந்தால் அது யாரோ காயப்போட்ட வேட்டி. அப்படிப்பட்ட ஆள் சொல்கிறேன். நீங்கள் சிரித்தாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன், உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

மூணாறிலிருந்து வட்டவடை போகிற பாதையில் ஒரு எஸ்டேட்டில் இருக்கிறோம். எட்டு வீடு ஒரே வரிசையில் ஒட்டி நிற்கும், அதுதான் லயம். கிறிஸ்துமஸ் வந்தால் எல்லா வீட்டிலும் குடில் கட்டுவார்கள், மாதா கோயிலில் பரிசும் உண்டு. போன வருடம் என் மச்சான் துபாயிலிருந்து ஒரு ரயில் கொண்டுவந்தான். பொம்மை இல்லை, அசல் மாடல் ரயில், எஞ்சினில் விளக்கு எரியும். அதைப் பார்த்ததும் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. பெத்லகேம் எதற்கு, எங்கள் லயத்தையே செய்கிறேன், மலையையும் செய்கிறேன், இப்போது இந்த மலைக்கு வராத ரயிலையும் ஓட்டிக் காட்டுகிறேன் என்று முன்னறைக் கட்டிலின்மேல் ப்ளைவுட் பலகையைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

குடில் என்றால் இங்கே தட்டில் கேழ்வரகு விதைத்து, முளைத்த பச்சையைப் புல்லாக வைப்பது வழக்கம். என் மனைவி ஜெசிந்தாவும் வழக்கம்போல விதைத்துவிட்டாள். நான் வேண்டாம் என்றேன். உள்ளங்கையளவு வீட்டுக்குப் பக்கத்தில் கேழ்வரகு நாற்று நின்றால் மூங்கில் காடு மாதிரி இருக்காதா? ஓடைப் பாறையில் இருந்த பாசியைப் பெயர்த்து வந்து முற்றத்துப் புல்லாக்கினேன். மண்ணுக்கு டீச்சக்கை. எட்டு வீட்டுக்காரர்களும் குடித்து முடித்த சக்கையைக் காயவைத்துக் கொடுத்தார்கள். ஸ்பாஞ்சைப் பிய்த்துச் சாயம் ஏற்றினால் தேயிலைச் செடி. கொத்தமல்லி விதையைப் பாதியாக உடைத்து இளம்பச்சை அடித்தால் முட்டைக்கோஸ், பூந்துடைப்பத்தின் நுனியை நறுக்கி நட்டால் பூண்டுப் பாத்தி. மரத்தூளில் மஞ்சளைக் கலந்து செண்டுமல்லி. நிஜத் தோட்டத்தில் அவரவர் வீட்டு முன்னால் என்ன இருக்கிறதோ அதே இடத்தில் அதே செடி, காலடியால் அளந்து வந்து வைத்தேன். மாதா, சூசையப்பர், குழந்தைக்கு இடம் எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகையில். சொன்னால் பெருமையடிப்பதாக நினைப்பீர்கள், அப்படி ஒரு சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

அந்த நேரத்தில்தான் எங்கள் மாடு காணாமல் போனது. ராணி என்று பெயர், ஜெசிந்தா கன்றிலிருந்து வளர்த்தது, தலையீற்று, ஈனுவதற்கு நாள் நெருங்கியிருந்தது. மேய்ச்சலில் கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டது. லயம் முழுக்கச் சேர்ந்து மூன்று நாள் தேடினோம். மூன்றாம் நாள் ஓடைக்கரை ஈரத்தில் புலித்தடத்தைப் பார்த்ததும் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு திரும்பிவிட்டார்கள். ஜெசிந்தா மட்டும் நம்பவில்லை. காலையும் மாலையும் புல் அறுத்து வந்து வெறும் கொட்டகையில் போடுவாள். சோறு இறங்கவில்லை அவளுக்கு.

அவளைத் தேற்றுகிறேன் என்று நான் ஒரு மடத்தனம் செய்தேன். ஒரு மரச் சிராயை எடுத்து விரல் நகத்தளவுக்கு ராணியைச் செதுக்கினேன். ஒரு கொம்பு கீழே வளைந்திருக்கும், அதையும் விடவில்லை. ஆசாரிமார் மரத்தோடு மரம் ஒட்டுகிற பசையை நாலு காலிலும் தடவி, குடிலில் இருந்த கொட்டகை வாசலில் நிறுத்தினேன். அவள் வந்து பார்த்தாள், உள்ளே போய் அழுதாள். எனக்கு ஏன்டா செய்தோம் என்றாகிவிட்டது.

மறுநாள் காலையில் மரமாடு கொட்டகையில் இல்லை. பலகையின் இடதுமூலையில், கிராண்டிஸ் மரங்களுக்குப் பின்னால் நின்றது. யூகலிப்டஸைத்தான் இங்கே கிராண்டிஸ் என்போம். அந்த மூலையில் பழைய பம்ப் ஷெட் ஒன்று உண்டு, வருடக்கணக்காக யாரும் போகாத இடம், நானே பாதி ஊகத்தில் செய்து வைத்திருந்தேன். எலியின் வேலை என்று நினைத்து மறுபடி ஒட்டினேன். அடுத்த நாளும் அதே மூலை, அதே பம்ப் ஷெட். எலிக்கு இவ்வளவு ஞாபகசக்தியா என்று தோன்றியது, ஆனாலும் மூன்றாவது தடவை பசையைக் கொட்டி ஒட்டி, காயும்வரை விரலால் அழுத்திப் பிடித்து, அறைக் கதவையும் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். காலையில் நானேதான் கதவைத் திறந்தேன். மாடு பம்ப் ஷெட்டில் நின்றது. கொட்டகை வாசலில் நாலு பசைப்பொட்டு, அவ்வளவுதான்.

நான் பசை டப்பாவை மறுபடி எடுத்தபோது ஜெசிந்தா பின்னால் நின்றிருந்தாள். மூன்று நாளாக அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள், எனக்குத்தான் தெரியவில்லை.

"இனிமே ஒட்டாதீங்க," என்றாள். "அது போற எடத்துக்கு நாம போவோம்."

போனோம். என் கையில் அரிவாள், அவள் கையில் ஒரு கட்டுப் புல். கிராண்டிஸைத் தாண்டி இடுப்பளவு பெரணிச் செடிக்குள் இறங்கினால் பம்ப் ஷெட். சுவர் ஓரமாக ராணி நின்று எங்களைத் திரும்பிப் பார்த்தது, இவ்வளவு நேரமா என்று கேட்கிற மாதிரி. அதன் வயிற்றுக்குக் கீழே ஈரம் காயாத ஒரு கன்று எழுந்து நிற்கப் பார்த்து விழுந்து, மறுபடி எழுந்துகொண்டிருந்தது. ஜெசிந்தா புல்கட்டைப் போட்டுவிட்டு மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நானும் அழுதேன், அதில் என்ன வெட்கம்.

அப்புறம் குனிந்து குளம்பில் காயம் இருக்கிறதா என்று பார்த்தேன். நாலு குளம்பிலும் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினேன், தோல் மாதிரி உரிந்து வந்தது. ஒரு தோலுக்கு அடியில் இன்னொரு தோல். எத்தனை என்று எண்ண எனக்குத் தைரியம் வரவில்லை. பதினெட்டு வருடம் ஃபிட்டராக இருந்தவனுக்குக் காய்ந்த பசை எது என்று தெரியாதா?

கன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு நான் லயத்துக்குள் நுழைந்தபோது எட்டு வீடும் வெளியே வந்துவிட்டது. அடுத்த நாள் சீம்பால் எட்டு வீட்டுக்கும் போனது, வெல்லம் போட்டு, ஏலக்காய் தட்டிப் போட்டு. அந்த வருடம் எங்கள் லயத்தில் கிறிஸ்துமஸ் முன்கூட்டியே வந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். குடில் பார்க்க வந்த பங்குச் சாமியார், பெத்லகேமில் ஏதப்பா ரயில் என்று கேட்டுவிட்டு, அதே ரயில் ஏழு சுற்று சுற்றுவதை நின்று பார்த்தார். பரிசு கிடைக்கவில்லை. கன்றைப் பார்க்க வந்த கூட்டம் பரிசு வாங்கிய குடிலுக்குக்கூட வரவில்லை. மரமாட்டைக் கொட்டகை வாசலில் வைத்தேன், பசையே போடவில்லை, அன்றிலிருந்து இம்மியும் நகரவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டேன்.

பண்டிகை முடிந்து குடிலைப் பிரிக்கலாம் என்று இருந்தபோது அடுத்த வீட்டு ஸ்டெல்லா அக்கா வந்தார். கணவர் இல்லை, ஒரே மகன் பிரவீன். இரண்டு வருடத்துக்கு முன்னால் அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு வேலைக்கென்று வெளியூர் போனவன், போனும் இல்லை, தகவலும் இல்லை. அக்கா தன் வீட்டு முன்னால் நான் நட்டிருந்த செண்டுமல்லியைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"தம்பி, எம்மவனையும் ஒண்ணு செஞ்சு வையி. பசை மட்டும் போடாத."

எப்படி மாட்டேன் என்பது? போகும்போது போட்டிருந்த நீலச் சட்டையோடு பிரவீனைச் செதுக்கினேன். லயத்துக்கு வெகு தூரத்தில், ரயில் நுழைந்து போக மலையில் குடைந்த குகைக்கு அந்தப் பக்கம் நான் கட்டியிருந்த பிளாட்பாரத்தில், லயத்துக்கு முதுகைக் காட்டி நிறுத்தினேன். மாடு வேறு, மனிதன் வேறு. எங்கே வைத்தால் என்ன ஆகும் என்று எனக்கே பயம். குடிலைப் பிரிக்கவில்லை. கட்டிலும் போச்சு, நாங்கள் இன்னும் தரையில்தான் படுக்கிறோம். கதவைப் பூட்டித்தான் வைக்கிறேன், சாவி என்னிடம்தான்.

இத்தனை மாதமும் அவன் அசையவில்லை. இன்று காலையில் கதவைத் திறந்தேன். பிரவீன் அதே பிளாட்பாரத்தில்தான் நிற்கிறான், ஓரடி நகரவில்லை. ஆனால் முகம் லயத்தைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது.

அக்காவிடம் நான் இன்னும் சொல்லவில்லை, ஆசை காட்டிவிட்டு ஒன்றும் நடக்காமல் போனால் என்ன செய்வது? ஜெசிந்தாவிடம் மட்டும் சொன்னேன். அவள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய் ஸ்டெல்லா அக்கா வீட்டு முற்றத்தைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துவிட்டு வந்தாள்.