மேசைக்கு அடியில் கறுப்புக் கிண்ணம்

மசாஜ் மேசையின் தலைமாட்டில் முகம் வைக்க ஓர் ஓட்டை இருக்கும். குப்புறப் படுப்பவர் அதன் வழியே தரையைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டும். அந்த ஓட்டைக்குக் கீழே அவள் ஒரு கறுப்புக் கிண்ணத்தில் விளிம்புவரை தண்ணீர் வைப்பாள். பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு. தண்ணீருக்குள் ஏதாவது ஒரு பொருள்: ஒருநாள் சட்டைப் பொத்தான், ஒருநாள் துருப்பிடித்த சாவி, ஒருநாள் வெறும் கூழாங்கல். பிறகு தலைமாட்டில் நின்று குனிந்து பார்ப்பாள். கால் கட்டைவிரலால் கிண்ணத்தைத் தன் பக்கம் துளி இழுப்பாள். மறுபடி பார்ப்பாள். இன்னும் துளி. தண்ணீர் ஆடி அடங்கியபின்தான், "வரச் சொல்லு தம்பி" என்பாள்.

அந்தக் கடற்கரை ரிசார்ட்டின் ஸ்பாவில் நான் வரவேற்பு மேசைக்காரன். டவல் அடுக்குவது, விளக்கேற்றுவது, வருகிறவர்களுக்கு நேரம் ஒதுக்குவது என் வேலை. தங்குவது, சாப்பிடுவது, நீராவிக் குளியல், மசாஜ் எல்லாம் அங்கே ஒரே கட்டணத்துக்குள் அடக்கம். மணிக்கட்டில் நீலப் பட்டை கட்டியவர் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். அதனால் வலியோடு வருகிறவர்களைவிட, கட்டிய காசை விடக்கூடாது என்று வருகிறவர்களே அதிகம். "உப்புத் தேய்ப்பு இருக்கா? சேத்துக் குளியலும் உண்டா? அப்ப ரெண்டையும் போட்டுடுங்க" என்று, பந்தியில் உட்கார்ந்தவர்கள்போலச் சொல்வார்கள்.

ஊழியர்கள் அந்த மசாஜ்காரிக்கு வைத்த பெயர் மகாராணி. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். "தொண்டை கிழியக் கத்துறேன், கழுத்து திரும்புதா பாரு. சிம்மாசனம்தான் குறைச்சல்" என்று சலவைக்கார அண்ணன் பொருமுவார். எனக்கோ வாய்க்குள்ளேயே பேசும் பழக்கம். "வாயைத் திறந்து பேசு தம்பி, பல்லு கொட்டிடாது" என்பாள். ஏற்ற இறக்கமில்லாத குரல். கேலியா கோபமா என்றே தெரியாது.

யாருக்கு எந்தப் பொருள் என்று எப்படி முடிவு செய்கிறாள்? அதுதான் என்னை அரித்தது. கணவனைப் பிரிந்து தனியே வந்திருந்த பெண்ணுக்கு ஓர் இறகு வைத்தாள். ஆகா, பிடிபட்டது என்று நினைத்தேன். மறுநாள் அதே இறகு ஒரு புதுமாப்பிள்ளைக்கு.

ஊழியர்களுக்குள் பயிற்சி நடந்த ஒருநாள் என்னையே மேசையில் படுக்கவைத்தார்கள். வெட்கத்தில் காது சுட்டது. கிண்ணத்தில் ஒரு சோழி கிடந்தது. தோளில் ஓரிடத்தில் அவள் கட்டைவிரல் இறங்கியது, உயிரே போனது. "வலிக்குது" என்று சொல்ல நினைத்தேன். சத்தம் வெளியே வரவில்லை, உதடுதான் அசைந்தது. அந்தக் கணமே அவள் கை இளகியது. இவளுக்கு விரலில் கண்ணா என்று வியந்துபோனேன்.

அப்போதுதான் புது மேனேஜர் வந்தார். சீசன் முடிந்ததும் இரண்டு மசாஜ்காரிகளில் ஒருத்திக்குத்தான் வேலை என்று அறிவித்தார். வேலை போனால் ஊழியர் குடியிருப்பில் மகாராணியும், நர்ஸுக்குப் படிக்கும் அவள் தங்கையும் இருந்த அறையும் போகும். அதே வாரம் கிண்ணம் அவர் கண்ணில் பட்டது.

"என்னம்மா இது, தண்ணிக்குள்ள குப்பை?"

வெள்ளைப் பீங்கான் கிண்ணங்கள் வந்தன. தண்ணீர் தெரியாதபடி பூவிதழ் நிரப்ப வேண்டும் என்பது உத்தரவு. யார் கூப்பிட்டும் திரும்பாத மகாராணி அவர் பின்னாலேயே போய், சுற்றி முன்னால் வந்து நின்றாள்.

"சார், பூவை ரூம் பூரா வேணாலும் கொட்டுறேன். அந்தக் கிண்ணத்தை மட்டும் விட்டுடுங்க சார்."

"ஏன், கிண்ணமா மசாஜ் பண்ணுது?"

அவள் கறுப்புக் கிண்ணத்தை எடுத்து அலமாரியில் வைத்தாள்.

இரண்டொரு நாளில் ஒரு விருந்தாளி அம்மாள் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். "மெதுவா, மெதுவான்னு கரடியாக் கத்துறேன், காதுலயே வாங்கல. என்ன திமிரு!" மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, "இன்னொரு புகார் வந்துச்சுன்னா பெட்டியைக் கட்டிக்க வேண்டியதுதான்" என்றார். அன்று மாலை, யாரும் பயன்படுத்தாத கறுப்புக் கிண்ணத்தை அவள் துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவளைக் காப்பாற்றியது ஒரு பல் டாக்டர். தினமும் தவறாமல் வரும் பெரிய உருவம். பத்து நாள் வெளியூர்ப் படகுச் சுற்றுலா போய்விட்டு அன்றுதான் திரும்பியிருந்தார். படுத்தவர் படுத்த வேகத்தில் எழுந்து வந்தார்.

"என்னப்பா இது, பூவைப் போட்டு மூடி வச்சிருக்கீங்க? நான் என்ன முதுகுக்கா வர்றேன்? இன்னிக்கு உள்ள என்ன கிடக்குன்னு பாக்கத்தான்யா வர்றேன்!"

இடுப்பில் டவலோடு நடைகூடம் முழுக்க நடந்து மேனேஜர் அறைக்குள் நுழைந்தார். உள்ளே என்ன பேசினாரோ, அடுத்த வாரம் வாசல் பலகையில் புதிதாக ஒரு வரி: "கிண்ண தியானம். கட்டணத்தில் அடக்கம்." கறுப்புக் கிண்ணம் திரும்பி வந்தது, இன்னொரு மேசைக்கும் புதிதாக ஒன்று. இன்னொரு மசாஜ்காரி வேண்டாவெறுப்பாக ஒரு கிளிஞ்சலைப் போட்டுவைத்தாள். எல்லோரும் மகாராணியைத்தான் கேட்டார்கள். சீசன் முடிந்தபோது அவளுக்கே வேலை.

அடுத்த வருடம் தங்கைக்கு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து, இருவரும் வேறு ஊருக்குக் கிளம்பினார்கள். சாவியை ஒப்படைக்க வந்த தங்கையிடம், மனத்தில் கிடந்ததை ஒருவழியாகக் கேட்டேன்.

"யாருக்கு எந்தப் பொருள்னு அக்கா எப்படிப் பாத்து வைப்பாங்க?"

"எங்க பாத்தா? கைக்கு அகப்பட்டது. ஏதாச்சும் கிடந்தாத்தானே படுத்திருக்கறவங்க தலையை ஆட்டாம பாத்துட்டு இருப்பாங்க?" என்றவள் என்னை உற்றுப் பார்த்தாள். "இத்தனை நாள் கூட இருந்தீங்க, உங்களுக்குத் தெரியாதா? ஸ்கூல் போற வயசுல காய்ச்சல் வந்து அக்காவுக்கு ரெண்டு காதும் போயிடுச்சு. படுத்திருக்கறவங்க வாயை அந்தத் தண்ணியிலதான் பாப்பா."