கருமருந்தும் என் வயிற்றெரிச்சலும்

துப்பாக்கி வழக்கில் ஏட்டு வேலை என்பது, எவனோ சுட்டதை நாம் மோந்து பார்க்கிற வேலை. கூட வேலை பார்க்கிறவன் பாராட்டு வாங்கிய அன்று சோறு இறங்காமல் தவித்தவர்களே, உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன். வெள்ளைக்காரன் காலத்தில், கம்பம் பக்கத்து ஸ்டேஷன் ஒன்றில் நானும் சுருளிவேலும் ஏட்டுகள். ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவன் பெயர் மட்டும் தேனி வரைக்கும் தெரியும்.

மடித்த சட்டை

தேவாரம் மலையடியில் ஒருவர் குண்டடிபட்டு இறந்து கிடந்தார். "பன்னின்னு நெனச்சுத் தூரத்துல இருந்து சுட்டுட்டேன்" என்று அவருடைய பங்காளி அழுதார். சட்டையை முதலில் கையில் எடுத்தவன் நான்தான். ஓட்டையைப் பார்த்தேன், ரத்தத்தைப் பார்த்தேன், மடித்து வைத்துவிட்டேன்.

சுருளிவேல் அதை விரித்து வெயிலில் பிடித்தான். ஓட்டையைச் சுற்றித் துணி கருகி, மிளகுப்பொடி தூவியதுபோல் கரும்புள்ளிகள். நாட்டுத் துப்பாக்கியில் எரியாமல் மிஞ்சிய கருமருந்து, கைக்கெட்டும் தூரத்தில் நிற்பவன்மேல்தான் அப்படி ஒட்டும். பங்காளி அன்றைக்கே ஒப்புக்கொண்டார். இன்ஸ்பெக்டர் என்னிடம் சொன்னார்: "நல்லா மடிச்சிருக்கீரு ஏட்டு. பாக்கத்தான் மறந்துட்டீரு."

மோந்து பிடித்த கை

அடுத்த வழக்கில் நான் முந்திக்கொண்டேன். வீரபாண்டித் திருவிழா சமயம். ஒரு தோட்டக் காவல்காரரை யாரோ காலில் சுட்டுவிட்டார்கள். சந்தேகப்பட்டவர்களை வரிசையாக நிறுத்தி ஒவ்வொரு கையாக மோந்தேன். ஒருவர் கையில் கந்தக வாடை, நகக்கண்ணில் கறுப்பு. விலங்கு மாட்டி, சுருளிவேல் பார்க்கட்டும் என்றே கடைத்தெரு வழியாக நடத்தி வந்தேன்.

அவன் கேட்டது ஒரே கேள்வி: "என்ன தொழில் பண்றீக?" அவர் கோயிலுக்கு வேட்டுப் போடுகிறவர். மூன்று நாளாக வேட்டுக்குழாயில் மருந்தை இடித்துக் கிட்டித்துக்கொண்டிருந்தாராம். சாட்சிக்குக் கோயில் ஆட்களே வந்துவிட்டார்கள். விலங்கைக் கழற்றியதும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே கேட்டார்: "ஏட்டையா, வேட்டுப் போடுறவன் கை பின்ன மல்லியப்பூவாட்டமா மணக்கும்?"

ஒரே சாக்கு

குச்சனூர்ப் பக்கம் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் தகராறில் ஒரு சம்சாரியைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். எதிரி, தான் வெகுதூரத்தில் நின்று வானத்தைப் பார்த்துச் சுட்டதாகச் சாதித்தான். இறந்தவர் சட்டையில் கருகல் இல்லை, மருந்துத் துகள் மட்டும் இருந்தது. வழக்கே அந்தத் துகளில்தான் நின்றது. சட்டையையும் துப்பாக்கியையும் மதராசுக்குப் பரிசோதனைக்கு அனுப்பவேண்டும். அவசரத்தில் சுருளிவேல் இரண்டையும் காகிதம்கூடச் சுற்றாமல் ஒரே சாக்கில் போட்டுக் கட்டினான். குழலிலிருந்து உதிர்வது சட்டையில் ஒட்டும் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. ஒரு தடவையாவது அவன் திட்டு வாங்கட்டுமே என்றிருந்தது.

துகள் துப்பாக்கியிலிருந்தே உதிர்ந்திருக்கலாம் என்று பதில் வந்தது. மதுரைக் கோர்ட்டில் எதிரி விடுதலையாகிவிட்டான். வெளியே மரத்தடியில் நின்ற இறந்தவரின் மனைவியிடம் சுருளிவேல் தானே போய், "என் தப்புதான் ஆத்தா, ரெண்டையும் ஒண்ணாக் கட்டிட்டேன்" என்றான். நானும் பக்கத்தில்தான் நின்றேன். அந்த அம்மாள் அழவில்லை. "அதக் கட்டுறப்ப ஒத்தையாவா இருந்தீக? எடுத்துச் சொல்ல ஒரு மனுசருகூடவா அங்கன இல்ல?"

சுருளிவேல் மாற்றலாகிப் போனபின் அந்த ஸ்டேஷனில் கெட்டிக்கார ஏட்டு நான் ஒருவன்தான், அப்படிச் சொல்லத்தான் யாருமில்லை.